பழுதுபார்த்த ஹீட்டர் மறுபடியும் ஒழுகினால் யார் பொறுப்பு?

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் நின்றுவிட்டால் குடும்பமே நடுங்கும். மலேசியாவில் அந்தக் கவலை இல்லை. இங்கு வீட்டுக்குள் சூடேற்றும் சாதனம் என்றால் அது குளியலறை வாட்டர் ஹீட்டர்தான். முதியவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகளில் அது அன்றாடத் தேவையாகிவிட்டது. சாதனம் மாறினாலும், அதைப் பழுதுபார்த்த பிறகு எழும் சச்சரவு எல்லா நாடுகளிலும் ஒரே மாதிரிதான். "என் வேலையில் குறை இல்லை, காப்புறுதி நிறுவனத்தைக் கேளுங்கள்" என்கிறார் பழுதுபார்த்தவர். "இது மோசமான வேலையால் வந்த சேதம், பழுதுபார்த்தவரைக் கேளுங்கள்" என்கிறது காப்புறுதி நிறுவனம். பணத்தையும் கொடுத்து, பொருளையும் இழந்த வீட்டுக்காரர் இருவருக்கும் நடுவே அலைகிறார்.

இரண்டு மூன்று முறை அலைந்ததும் பலர் "போனது போகட்டும்" என்று விட்டுவிடுகின்றனர். சில ஆயிரம் ரிங்கிட் என்பது மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்குச் சிறிய தொகை அல்ல. ஆனாலும் யாரிடம், எதை, எப்படிக் கேட்பது என்ற தெளிவு இல்லாததால் நியாயமான கோரிக்கைகூட கைநழுவிப் போகிறது.

இந்தச் சிக்கலுக்குத் திறவுகோல் ஒன்று உண்டு. இங்கே இருப்பது ஒரு வழக்கு அன்று, இரண்டு. பழுதுபார்த்தவர் மீதான கோரிக்கை வேறு, காப்புறுதி நிறுவனத்தின் மீதான கோரிக்கை வேறு. இரண்டுக்கும் சட்டம் வேறு, முறையிடும் இடம் வேறு, கால வரம்பும் வேறு. ஒன்றின் பதிலுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை. இதைப் புரிந்துகொண்ட பயனீட்டாளரை யாரும் எளிதில் பந்தாட முடியாது.

ஹீட்டருக்குள் என்ன நடக்கிறது?

வீடுகளில் இரண்டு வகை ஹீட்டர்கள் உள்ளன. தண்ணீர் ஓடும்போதே அதைச் சூடாக்கும் சிறிய இன்ஸ்டன்ட் ஹீட்டர் ஒரு வகை. தண்ணீரைத் தேக்கிவைத்துச் சூடாக்கும் கலன் மற்றொரு வகை. இந்தக் கலன் பெரும்பாலும் குளியலறையின் சிலிங்குக்கு மேலே ஒளிந்திருக்கும். வீட்டைச் சேதப்படுத்தும் பெரிய கசிவுகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையிலிருந்தே வருகின்றன.

தேக்கக் கலனில் தண்ணீரைக் காய்ச்சும் கம்பி, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து நீரை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு ஆகியவை இருக்கும். பல கலன்களில் மெக்னீசியத் தண்டு ஒன்றும் உண்டு. கலனின் இரும்பு துருப்பிடிப்பதற்குப் பதிலாகத் தான் கரைந்து கலனைக் காப்பதே அதன் வேலை. அது முழுவதும் கரைந்த பின்னும் மாற்றாமல் விட்டால், துரு கலனையே தின்னத் தொடங்கும்.

சச்சரவின் வேர் இங்கேதான் உள்ளது. சிலிங்கிலிருந்து தண்ணீர் கொட்டுவது ஒரே அறிகுறி. அதற்குக் காரணங்களோ பல. பழுதுபார்த்தவர் கழற்றி மாட்டிய இணைப்பு சரியாக இறுக்கப்படாமல் இருக்கலாம். புதிதாகப் போட்ட வால்வு தரமற்றதாக இருக்கலாம். அல்லது, அவர் கையே வைக்காத இடத்தில், பல ஆண்டுத் துருவால் கலன் ஓட்டையாகியிருக்கலாம். முதல் இரண்டும் வேலையின் குறை. மூன்றாவது பழமையின் தேய்மானம். எது உண்மை என்பதைச் சொல்லக்கூடிய சாட்சி அந்தப் பழைய ஹீட்டர்தான். பலர் செய்யும் முதல் தவறு, புதிய ஹீட்டரைப் பொருத்த வந்தவரிடமே பழையதைக் கொடுத்தனுப்புவது. சாட்சி பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டால், பிறகு இருப்பது இருதரப்பின் வாய்ச்சொல் மட்டுமே.

முதல் கணக்கு: பழுதுபார்த்தவர்

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருள்களுக்கு மட்டுமல்ல, சேவைகளுக்கும் பொருந்தும். கட்டணம் வாங்கிக்கொண்டு வேலை செய்பவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்ய வேண்டும். செய்த வேலை, அது எதற்காகக் கேட்கப்பட்டதோ அந்த நோக்கத்துக்கு உதவ வேண்டும். காலக்கெடு பேசப்படாவிட்டாலும் நியாயமான காலத்தில் முடிக்க வேண்டும். கட்டணம் முன்கூட்டிப் பேசப்படாவிட்டால் நியாயமான தொகையே கேட்க வேண்டும். இவற்றை ரசீதில் எழுதத் தேவையில்லை. எழுதாவிட்டாலும் சட்டப்படி இவை உள்ளன. "செய்த வேலைக்குப் பொறுப்பில்லை" என்று ரசீதின் அடியில் அச்சிட்டிருந்தாலும் இந்த உரிமைகள் பறிபோவதில்லை.

வேலையில் குறை இருந்தால் பயனீட்டாளர் படிப்படியாகச் செயல்பட வேண்டும். சரிசெய்யக்கூடிய குறையாக இருந்தால், நியாயமான காலத்தில் அதைச் சரிசெய்து தரும்படி பழுதுபார்த்தவரிடம் முதலில் கேட்க வேண்டும். அவர் மறுத்தாலோ இழுத்தடித்தாலோ வேறொருவரைக் கொண்டு செய்துகொண்டு, அந்தச் செலவை முன்னவரிடம் கேட்கலாம். சரிசெய்யவே முடியாத அளவுக்குக் குறை பெரிதாக இருந்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். இவற்றோடு, அந்தக் குறையால் விளையும் என்று எதிர்பார்க்கக்கூடிய மற்ற இழப்புகளையும் கோரலாம். ஹீட்டர் ஒழுகினால் சிலிங் விழும், கீழே உள்ள மெத்தை நனையும் என்பது யாரும் எதிர்பார்க்கக்கூடியதே.

முதலில் கேட்க வேண்டும் என்ற படியைத் தாண்டிவிடுவது பலருக்குப் பாதகமாக முடிகிறது. கோபத்தில் உடனே வேறொருவரை அழைத்துச் செய்துவிட்டால், "எனக்கு வாய்ப்பே தரவில்லையே" என்று முன்னவர் வாதிடுவார். தண்ணீர் கொட்டும் நேரத்தில் யாராவது ஒருவரை அழைத்து நிறுத்துவது வேறு. அது அவசரம். நிரந்தரமாகச் சரிசெய்வதற்கு முன்பாவது முன்னவருக்குத் தேதி குறிப்பிட்டு ஒரு செய்தி அனுப்பியிருக்க வேண்டும்.

உற்பத்தியாளர் உத்தரவாதமும் கவனிக்கத்தக்கது. பல ஹீட்டர்களில் உட்பாகங்களுக்கு ஒரு காலவரம்பும், கலனுக்கு அதைவிட நீண்ட வரம்பும் தரப்படுகின்றன. உத்தரவாதம் உயிரோடு இருக்கும்போது வெளியாள் ஒருவர் கலனைத் திறந்தால், அதையே காரணம் காட்டி உற்பத்தியாளர் விலகிக்கொள்ளக்கூடும். ஆகவே, எந்த பிளம்பரையும் அழைப்பதற்கு முன் உத்தரவாத அட்டையைப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது கணக்கு: காப்புறுதி

"வீட்டுக்குக் காப்புறுதி இருக்கிறது" என்று சொல்பவர்களில் பலருக்குத் தங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரிவதில்லை. மூன்று வகைகளைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, அடிப்படைத் தீக் காப்புறுதி. வீட்டுக் கடனுக்காக எடுக்கப்படுவது சில வேளைகளில் இது மட்டுமே. தீ, மின்னல் போன்ற சிலவற்றுக்கே இது பொருந்தும். தண்ணீர்ச் சேதம் கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தால் ஒழிய இதில் வராது. இரண்டாவது, ஹவுஸ்ஓனர் பாலிசி. கட்டடம், சுவர், சிலிங், பொருத்தப்பட்ட சாதனங்கள் ஆகியவற்றுக்கானது. தண்ணீர்த் தொட்டியோ குழாயோ நீர்ச்சாதனமோ திடீரென வெடிப்பதாலும் நிரம்பி வழிவதாலும் ஏற்படும் சேதம் வழக்கமாக இதில் அடங்கும். மூன்றாவது, ஹவுஸ்ஹோல்டர் பாலிசி. இது வீட்டுக்குள் இருக்கும் பொருள்களுக்கானது: மெத்தை, அலமாரி, தொலைக்காட்சி, துணிமணிகள். ஹவுஸ்ஓனர் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்குச் சிலிங்குக்குப் பணம் கிடைக்கலாம், நனைந்த மெத்தைக்குக் கிடைக்காது.

காப்புறுதி என்பது பழுதுபார்ப்பு உத்தரவாதம் அன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பழசாகித் தேய்ந்த கலனுக்குப் பதில் புதியது வாங்கித் தருவது அதன் வேலை அல்ல. மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் கசிந்து சுவர் கறுத்துப் போவதும் திடீர் விபத்தாகக் கருதப்படுவதில்லை. சிலிங்கில் சிறு கறை தெரிந்தபோதே கவனிக்காமல் விட்டவரின் கோரிக்கை வலுவிழப்பது இதனால்தான்.

அதே நேரத்தில், "பழுதுபார்த்தவரின் தவறு, எனவே பணம் இல்லை" என்ற பதிலை அப்படியே ஏற்க வேண்டியதும் இல்லை. பாலிசியில் பட்டியலிட்ட விபத்து நடந்தது என்பதைக் காட்டுவது காப்புறுதி எடுத்தவரின் கடமை. விலக்கு ஒன்று பொருந்துகிறது என்றால் அதை நிறுவும் பொறுப்பு நிறுவனத்தைச் சேர்ந்தது. ஆகவே, மறுப்பு வந்தால் "பாலிசியின் எந்த விதியின் கீழ் மறுக்கிறீர்கள்? அதை எழுத்தில் தாருங்கள்" என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வியே பல தொலைபேசி வாக்குவாதங்களைவிட அதிகப் பலன் தரும்.

காப்புறுதித் தொகை குறைவாக இருந்தால்

பலரை அதிர்ச்சியடையச் செய்வது, சராசரி விதி எனப்படும் ஒன்று. வீட்டை மறுபடியும் கட்ட ஆகும் செலவைவிடக் குறைந்த தொகைக்குக் காப்புறுதி செய்திருந்தால், சிறிய சேதத்துக்கும் அதே விகிதத்தில்தான் பணம் கிடைக்கும்.

ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். ஒரு தாமான் வீட்டை மீண்டும் கட்ட 300,000 ரிங்கிட் ஆகும். காப்புறுதியோ 200,000 ரிங்கிட்டுக்குத்தான் உள்ளது. 350 ரிங்கிட் கொடுத்து ஹீட்டரைப் பழுதுபார்த்த பத்தாம் நாள் இணைப்பு கழன்று, சிலிங்குக்கும் வயரிங்குக்கும் 3,000 ரிங்கிட் சேதம். மெத்தை, அலமாரி, தொலைக்காட்சிக்கு மேலும் 3,000 ரிங்கிட். அந்தக் குடும்பத்திடம் ஹவுஸ்ஓனர் பாலிசி மட்டுமே இருக்கிறது.

கட்டடச் சேதமான 3,000 ரிங்கிட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 2,000 ரிங்கிட், காப்புறுதியிலிருந்து கிடைக்கலாம். அதிலும் வீட்டுக்காரரே ஏற்க வேண்டிய தொடக்கத் தொகை ஒன்று கழிக்கப்படக்கூடும். பொருள்களுக்கு எதுவும் கிடைக்காது. இத்தோடு முடிந்தது என்று அந்தக் குடும்பம் நினைத்தால் அது பெரிய நஷ்டம். மிச்சமுள்ள 1,000 ரிங்கிட், பொருள்களின் 3,000 ரிங்கிட், வீணாகிப்போன கட்டணம் 350 ரிங்கிட், ஆக மொத்தம் 4,350 ரிங்கிட்டைப் பழுதுபார்த்தவரிடம் கேட்கலாம். பொருள்கள் பழையவை என்றால் அவற்றின் அன்றைய மதிப்பே கணக்கில் வரும். இரண்டு கணக்குகள் என்று சொல்வதன் பொருள் இதுதான்: ஒன்று நிரப்பாத இடத்தை மற்றொன்று நிரப்பும்.

கையெழுத்திடும் முன்

இரண்டு கணக்குகளும் தனித்தனி என்றாலும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. அங்கேதான் எச்சரிக்கை தேவை. ஒரே இழப்புக்கு இருவரிடமும் முழுப் பணம் வாங்கச் சட்டம் அனுமதிக்காது. காப்புறுதி நிறுவனம் பணம் கொடுத்துவிட்டால், தவறு செய்தவரிடம் அந்தத் தொகையை மீட்கும் உரிமை நிறுவனத்துக்குப் போய்விடுகிறது.

இதனால் ஒரு விபரீதம் நேரலாம். பழுதுபார்த்தவர் 500 ரிங்கிட்டை நீட்டி, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்கிறார். வீட்டுக்காரரும் வந்தவரை லாபம் என்று கையெழுத்திடுகிறார். அந்தக் கையெழுத்து மீட்கும் உரிமையையே அழித்துவிடுவதால், காப்புறுதி நிறுவனம் தன் பங்கைத் தர மறுக்க அது காரணமாகிவிடும். 500 ரிங்கிட்டுக்காக ஆயிரங்கள் போகும். காப்புறுதிக் கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது, நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் யாருடனும் இறுதித் தீர்வில் கையெழுத்திடக் கூடாது. நிறுவனம் தரும் பற்றுச்சீட்டில் "முழு இறுதித் தீர்வு" என்று இருந்தாலும் நிதானமாகப் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

முதல் நாளிலேயே செய்ய வேண்டியவை

மின் இணைப்பைத் துண்டித்து, தண்ணீர் வால்வை மூட வேண்டும். நனைந்த சிலிங்கிற்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது. ஆபத்து நீங்கியதும் எதையும் அப்புறப்படுத்துவதற்கு முன் படம் எடுக்க வேண்டும். ஒழுகும் இணைப்பு, ஹீட்டரின் மாதிரி எண், விழுந்த பலகை, நனைந்த பொருள்கள் எல்லாம் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். காணொளி எடுத்தால் இன்னும் நல்லது.

கழற்றிய ஹீட்டரையும் வால்வையும் ஒரு மூலையில் பத்திரப்படுத்த வேண்டும். புதிதாக வரும் பிளம்பரிடம் அவர் கண்ட காரணத்தை இரண்டு வரியில் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தத் தாள் பின்னர் பெரிதும் கைகொடுக்கும்.

காப்புறுதி நிறுவனத்துக்கு அன்றே அல்லது மறுநாளே அறிவிக்க வேண்டும். தாமதமான அறிவிப்பு நிறுவனத்துக்குக் கிடைக்கும் எளிய காரணங்களில் ஒன்று. சேதம் பெருகாமல் தடுக்கும் அவசர வேலையைச் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் நிறுவனம் அனுப்பும் இழப்பு மதிப்பீட்டாளர் பார்க்கும் முன் சிலிங்கைப் புதுப்பித்து வண்ணம் பூசிவிடக் கூடாது. அந்த மதிப்பீட்டாளரை நியமிப்பது நிறுவனம். அவரிடம் ஊகங்களைச் சொல்லாமல், கண்டதை மட்டும் சொல்வது போதும். "கொஞ்ச நாளாகவே ஒழுகிக்கொண்டிருந்தது போலிருக்கிறது" என்ற ஒரு வாய்ச்சொல், திடீர் விபத்தை மெதுவான கசிவாக மாற்றிவிடும். உண்மையில் முன்பே ஒழுகியிருந்தால் அதை மறைக்கவும் கூடாது; பொய்த் தகவல் முழுக் கோரிக்கையையும் கெடுக்கும்.

ஐந்து ரிங்கிட்டில் ஒரு நடுவர் மன்றம்

பழுதுபார்த்தவர் இணங்காவிட்டால் செல்ல வேண்டிய இடம் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். மலாயில் திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா மலேசியா எனப்படுகிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இது, தொடக்கத்தில் 10,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை மட்டுமே விசாரித்தது. 2003இல் வரம்பு 25,000 ரிங்கிட்டாகவும், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 50,000 ரிங்கிட்டாகவும் உயர்ந்தது.

கட்டணம் ஐந்து ரிங்கிட். நிரப்ப வேண்டியது முதலாம் பாரம். இணையத்தின் வழியும் பதிவு செய்யலாம். எதிர்த்தரப்பினர் 14 நாள்களுக்குள் எதிர்வாதத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். இங்கே வழக்கறிஞர்கள் வாதாடுவதில்லை. பெரிய நிறுவனமானாலும் தன் ஊழியரைத்தான் அனுப்ப வேண்டும். ஆகவே, சட்டம் படிக்காத குடும்பத் தலைவியும் அதே மேசையில் சமமாக உட்கார்ந்து பேச முடியும். முதலில் சமரசத்துக்கு வழி பார்க்கப்படும். இயலாவிட்டால் விசாரித்துத் தீர்ப்பு வழங்கப்படும். விசாரணை தொடங்கிய 60 நாள்களுக்குள், இயன்றவரை, தீர்ப்பு தர வேண்டும் என்கிறது சட்டம்.

தீர்ப்பை 14 நாள்களுக்குள் நிறைவேற்றாதது குற்றம். அதற்கு அபராதமும் சிறைத் தண்டனையும் உண்டு. தவிர, அந்தத் தீர்ப்பை மாஜிஸ்திரேட் நீதிமன்ற ஆணையைப் போலவே அமல்படுத்தலாம்.

சில வரம்புகளும் உள்ளன. கோரிக்கைக்கான காரணம் எழுந்து மூன்று ஆண்டுகளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தொகை வரம்பை மீறினால் கோரிக்கையை இரண்டாகப் பிரித்துப் போட முடியாது. உடல் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் இழப்பீடு கேட்பவர்கள் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும்.

காப்புறுதி நிறுவனம் மறுத்துவிட்டால்

இதற்கான இடம் வேறு. 2005இல் நிதிச் சமரச வாரியமாகத் தொடங்கி, 2016இல் நிதிச் சேவை ஓம்பட்ஸ்மேனாக மாறிய அமைப்பு, பங்குச் சந்தைச் சச்சரவுகளைக் கவனித்த அமைப்புடன் இணைந்து, 2025 ஜனவரி 1 முதல் நிதிச் சந்தைகள் ஓம்பட்ஸ்மேன் சேவையாகச் செயல்படுகிறது. எஃப்.எம்.ஓ.எஸ். என்பது அதன் சுருக்கப் பெயர். காப்புறுதிக்கும் தக்காஃபுலுக்கும் இது பொருந்தும். பயனீட்டாளர் எந்தக் கட்டணமும் செலுத்தத் தேவையில்லை.

முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுத்தில் புகார் அனுப்ப வேண்டும். நிறுவனத்தின் இறுதிப் பதில் திருப்தி தராவிட்டால் ஆறு மாதங்களுக்குள் ஓம்பட்ஸ்மேனிடம் செல்லலாம். 60 நாள்கள் கடந்தும் பதில் வராவிட்டாலும் செல்லலாம். முதல் கட்டத்தில் இருதரப்பையும் இணங்க வைக்க முயற்சி நடக்கும். இணக்கம் ஏற்படாவிட்டால் ஓம்பட்ஸ்மேன் முடிவெடுப்பார். காப்புறுதி தொடர்பில் 250,000 ரிங்கிட் வரை அவரால் வழங்க முடியும். அந்த முடிவைப் பயனீட்டாளர் ஏற்றுக்கொண்டால் நிறுவனம் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். பயனீட்டாளருக்கு அது திருப்தி தராவிட்டால் ஏற்காமல் நீதிமன்றம் செல்லலாம். அவருக்கு இழப்பதற்கு எதுவும் இல்லை.

ஆறு மாதம் நீண்ட காலம்போல் தோன்றும். நடுவர் மன்றத் தீர்ப்பு வரட்டும் என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிடுவது எளிது. இரண்டு கோப்புகளையும் ஒரே நேரத்தில் நகர்த்துவதே சரி.

மேல்மாடி வீட்டு ஹீட்டர் ஒழுகினால்

அடுக்குமாடிகளில் மூன்றாவதாக ஒரு தரப்பு சேர்கிறது. மேல் வீட்டு ஹீட்டர் ஒழுகிக் கீழ் வீட்டுச் சிலிங் நனைந்தால், கீழ் வீட்டுக்காரர் முதலில் நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். 2013ஆம் ஆண்டு ஸ்திராத்தா நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த விதிமுறைகளின்படி, அறிவிப்புக் கிடைத்த ஏழு நாள்களுக்குள் நிர்வாகம் ஆய்வு செய்ய வேண்டும். வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை, கசிவு மேல் வீட்டிலிருந்து வந்ததாகவே கொள்ளப்படும். காரணத்தைக் குறிப்பிடும் ஆய்வுச் சான்றிதழை நிர்வாகம் வழங்க வேண்டும். காப்புறுதிக்கும் நடுவர் மன்றத்துக்கும் இதைவிடச் சிறந்த ஆவணம் கிடைக்காது.

சான்றிதழுக்குப் பிறகும் மேல் வீட்டுக்காரர் சரிசெய்யாவிட்டால், நிர்வாகமே சரிசெய்து செலவை அவரிடம் வசூலிக்கலாம். தீராத சச்சரவுகளை, 250,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் ஸ்திராத்தா நிர்வாக நடுவர் மன்றத்துக்குக் கொண்டு செல்லலாம். மேல் வீட்டுக்காரரும் நிராதரவானவர் அல்லர். அண்மையில் ஹீட்டரைப் பழுதுபார்த்தவரின் தவறுதான் காரணம் என்றால், தாம் கொடுத்த தொகையை அவரிடம் கேட்கலாம். பல ஆண்டுகள் முகம் பார்த்துப் பழகிய அண்டை வீட்டாரின் உறவு ஒரு சிலிங்குக்காக முறிந்துபோக வேண்டியதில்லை. காரணத்தை வாய்ச்சண்டை தீர்மானிக்காமல் சான்றிதழ் தீர்மானித்தால் இரு வீடுகளுக்கும் நல்லது.

பலர் எழுப்பும் கேள்விகள்

ரசீது இல்லை, என்ன செய்வது? வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. வாட்ஸ்அப் உரையாடல், வங்கிப் பணமாற்றப் பதிவு, வீட்டு வாசல் கேமராப் பதிவு, அந்த நேரத்தில் வீட்டில் இருந்தவரின் சாட்சியம் ஆகியவை உதவும். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல், எண்ணும் தேதியும் தெரியும்படி அச்செடுத்து வைக்க வேண்டும்.

பழுதுபார்த்தவரின் முகவரியே தெரியவில்லை என்றால்? நடுவர் மன்றம் அறிவிப்பு அனுப்பப் பெயரும் முகவரியும் தேவை. சமூக ஊடக விளம்பரத்தைப் பார்த்து, கைப்பேசி எண்ணை மட்டும் நம்பி அழைப்பவர்கள் இங்கேதான் திணறுகின்றனர். அழைக்கும்போதே நிறுவனப் பெயரையும், சுருஹான்ஜாயா ஷரிக்காட் மலேசியாவின் பதிவு எண்ணையும் கேட்டு வாங்குவது ஒரு நிமிட வேலை. அதைக் கொடுக்கத் தயங்குபவரை வீட்டுக்குள் விடாமல் இருப்பதே மேல்.

"பழைய ஹீட்டர், அதனால் என் மேல் தவறில்லை" என்று அவர் சொன்னால்? பழமை ஒரு நியாயமான பதிலாக இருக்கலாம். ஆனால், திறந்து பார்த்தபோது கலன் துருப்பிடித்திருந்ததைக் கண்டும் எச்சரிக்காமல், பாகத்தை மட்டும் மாற்றிப் பணம் வாங்கிச் சென்றிருந்தால், திறமையோடும் கவனத்தோடும் வேலை செய்தாரா என்ற கேள்வி எழும். மறுபுறம், "இதை மாற்றிவிடுங்கள்" என்று அவர் எழுத்தில் எச்சரித்தும் வீட்டுக்காரர் கேட்கவில்லை என்றால், பழி அவர் மேல் விழாது. நேர்மையான பழுதுபார்ப்பவருக்கும் எழுத்தே பாதுகாப்பு.

பாரம் நிரப்பத் தெரியவில்லை என்றால்? தேசியப் பயனீட்டாளர் புகார் மையம், பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளிடம் ஆலோசனை கேட்கலாம். பாரத்தில் நீண்ட கதை தேவையில்லை. என்றைக்கு அழைத்தார், என்ன வேலை, எவ்வளவு கொடுத்தார், என்றைக்கு என்ன நடந்தது, எவ்வளவு இழப்பு என்று தேதி வரிசையில் எழுதினால் போதும்.

பணத்தைவிடப் பெரியது

தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் சேரும் சாதனம் ஹீட்டர். தவறான பழுதுபார்ப்பு சிலிங்கை மட்டுமல்ல, உயிரையும் எடுக்கும். மின் இணைப்பில் கை வைப்பவர் தகுதி பெற்ற வயர்மேனாக இருக்க வேண்டும். ஹீட்டர் இணைப்புக்கு 10 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்ப்பது ஒவ்வொரு வீட்டின் கடமை. அந்தச் சாதனம் அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதைத் தவிர்த்து நேரடி இணைப்புக் கொடுப்பவர் பழுதுபார்ப்பவர் அல்லர்; ஆபத்தை உள்ளே வைத்து மூடுபவர். புதிய ஹீட்டர் வாங்கும்போது சிரிம் முத்திரையைப் பார்த்து வாங்குவதும் அவசியம்.

ஹீட்டர் நன்றாக ஓடும் இன்றே மூன்று தாள்களைத் தேடி எடுத்து ஓர் உறையில் போட்டு வைப்பது நல்லது: காப்புறுதி பாலிசி, ஹீட்டரின் உத்தரவாத அட்டை, கடைசியாகப் பழுதுபார்த்த ரசீது. பாலிசியில் தண்ணீர்ச் சேதம் இருக்கிறதா, பொருள்களுக்கும் பாதுகாப்பு உண்டா, தொகை போதுமா என்று ஒருமுறை படித்துப் பார்க்க அரை மணி நேரம் போதும். நள்ளிரவில் சிலிங் விழும்போது அந்த உறை எங்கே இருக்கிறது என்று வீட்டிலுள்ள எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.